பிப்ரவரி 18: காலண்டர் சொல்லாத சேதி

இராயபுரத்துத் தேநீர்க்கடைச் சுவரிலே தொங்குகிற தினசரிக் காலண்டரைப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் ஒரு தாள் கிழிக்கப்படுகிறது. அந்தத் தாளில் இராகு காலம் உண்டு, எமகண்டம் உண்டு, சூலம் எந்தத் திக்கில் என்பதும் உண்டு. இன்ன இராசிக்காரருக்கு இன்று இலாபம், இன்னாருக்கு அலைச்சல் என்று ஒற்றைச் சொல்லில் தீர்ப்பும் உண்டு. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவனுக்கு என்றைக்குத்தான் அலைச்சல் இல்லை? அது போகட்டும். அதே தேதியில் இந்த நாட்டிலே, இந்தக் கடற்கரையிலே, அவனைப் போன்ற உழைப்பாளிகளுக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் அந்தத் தாள் சொல்வதில்லை. சொல்லாததை நாம் சொல்லுவோம், தோழர்களே! பிப்ரவரி 18-ஐ எடுத்துக்கொள்வோம்.

1860-ஆம் ஆண்டு இதே நாளில் சென்னைக் கடலோரத்து அயோத்தியாகுப்பத்தில், மீனவர் குலத்தில் ஒரு குழந்தை பிறந்தது. ம. சிங்காரவேலர்! படித்துப் பட்டம் பெற்று, சட்டமும் பயின்று, உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராக அமர்ந்தவர். கறுப்பு அங்கியும் கனத்த வருமானமும் கிடைத்தபின் குப்பத்தை மறந்துபோனவர்கள் எத்தனையோ பேர். இவரோ 1921-இல் ஒத்துழையாமை இயக்கம் வந்தபோது அந்த அங்கியையே தீயிலிட்டார். அப்போது அவருக்கு வயது 61! நம் ஊரில் அந்த வயதுக்காரரைத் திண்ணையில் உட்காரச் சொல்லுவோம். அவர் வீதிக்கு வந்தார்.

வந்தவர் சும்மா வரவில்லை. 1922-இல் கயாவில் கூடிய காங்கிரசு மாநாட்டுக்குச் சென்று, உழவரையும் தொழிலாளரையும் விட்டுவிட்டு எந்தச் சுதந்திரம் என்று கேட்டார். கதரும் ராட்டையும் பேசிக்கொண்டிருந்த பந்தலிலே அது புதுக்குரல். சிலருக்கு இனித்தது, பலருக்குக் கசந்தது.

அடுத்த ஆண்டு மே முதல் நாள். உயர்நீதிமன்றத்துக்கு எதிரேயுள்ள கடற்கரை. இன்றைக்கு லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றனவே, அந்தத் துறைமுகப் பக்கந்தான்! அங்கே ஒரு கூட்டம். திருவல்லிக்கேணிக் கடற்கரையில் மற்றொரு கூட்டம். இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடப்பட்டது அன்றுதான், 1923-இல். செங்கொடிக்குத் துணி கிடைக்காமல் வீட்டிலிருந்த சிவப்புச் சேலையைக் கிழித்துக் கட்டினார் என்று மேடைகளில் இன்றும் சொல்வார்கள். சேலையோ, கடைத் துணியோ, கொடி ஏறியது என்பதே பெரிது. அன்றைய கூட்டத்திலேயே தொழிலாளர் விவசாயிகள் கட்சியும் அறிவிக்கப்பட்டது. 'தொழிலாளன்' என்று தமிழில் ஒரு ஏடும் பிறந்தது.

வெள்ளைக்காரச் சர்க்கார் பார்த்துக்கொண்டா இருக்கும்? 1924-இல் கான்பூர் போல்ஷ்விக் சதி வழக்கிலே அவர் பெயரையும் சேர்த்தது. உடல்நலக் குறைவால் அவர்மீது நடவடிக்கை தொடரவில்லை. ஆனால் எந்த ஊரின் பெயரால் வழக்குப் போட்டார்களோ, அதே கான்பூருக்கு 1925 டிசம்பரில் போய், அங்கே கூடிய முதல் கம்யூனிஸ்டு மாநாட்டுக்குத் தலைமை வகித்தார் கிழவர்! வழக்குப் போட்ட அதிகாரிகளின் முகம் எப்படியிருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன், சிரிப்பு வருகிறது.

சிறை அவரை விட்டுவிடவில்லை. 1928 ஜூலையில் தென்னிந்திய இரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். பட்டறைகளை ஒன்றாக்குகிறோம் என்று சொல்லி ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்ப நிர்வாகம் முனைந்தது. இயந்திரம் வந்தால் ஆளைக் குறை, பட்டறை மாறினால் ஆளைக் குறை! பெரம்பூரிலும் எண்ணூரிலும் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பல்லவி புதிதா? அந்தப் போராட்டத்தில் நின்றதற்காக 68 வயதுச் சிங்காரவேலருக்குப் பத்தாண்டுத் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது குறைந்தது. 1930 ஆகஸ்டில்தான் வெளியே வந்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். 1930 பிப்ரவரி 18. சிங்காரவேலருக்கு எழுபது வயது நிறைகிற நாள். அவர் சிறைக் கொட்டடியிலே இருக்கிறார். அதே நாளில், பூமியின் மறுபக்கத்தில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து லோவெல் வானாய்வு நிலையத்தில் ஓர் இளைஞன் இரண்டு புகைப்படத் தகடுகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஜனவரியில் சில நாள் இடைவெளி விட்டு எடுத்த படங்கள். ஆயிரமாயிரம் புள்ளிகளில் ஒரே ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருக்கிறது! அதுதான் புளூட்டோ. கண்டவன் பெயர் கிளைடு டாம்பா, வயது 24.

யார் இந்த டாம்பா? கான்சாஸ் மாநிலத்து உழவன் மகன். ஆலங்கட்டி மழை விளைச்சலை அழித்ததால் கல்லூரிக்குப் போக வழியில்லாதவன். பழைய மோட்டார் வண்டியின் உறுப்புகளையும் பண்ணைக் கருவிகளின் உடைசல்களையும் சேர்த்துத் தானே தொலைநோக்கி செய்தவன். அதைக்கொண்டு கண்டதை வரைந்து வானாய்வு நிலையத்துக்கு அனுப்பினான். அவர்கள் வேலைக்கு அழைத்துக்கொண்டார்கள். திருவொற்றியூர்ப் பட்டறைகளில் கழிவு இரும்பிலிருந்து கருவி செய்கிற கைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை நம்பமுடியாத கதையல்ல.

இதிலே எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. கோள்கள் மனிதனை ஆட்டிப்படைக்கின்றன என்ற சோதிடப் பேச்சை விஞ்ஞானங்கொண்டு தாக்கியவர் சிங்காரவேலர். விடுதலையான பிறகு பெரியாரின் 'குடி அரசு' ஏட்டில் உலகத் தோற்றத்தைப் பற்றியும், கடவுள் நம்பிக்கையைப் பற்றியும், மூடப் பழக்கங்களைப் பற்றியும் எழுதிக் குவித்தார். 1935-இல் 'புதுவுலகம்' என்று தம் சொந்த ஏட்டையும் நடத்தினார். அவர் பிறந்தநாளிலேயே, எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லாத ஒரு கோள் கண்டுபிடிக்கப்பட்டது! அதற்குமுன் எழுதப்பட்ட சாதகங்களுக்கெல்லாம் அந்தக் கோளின் கணக்குத் தெரியாதே, அவை எப்படிப் பலித்தன என்று சோதிடர்களைக் கேட்கலாம். 2006-இல் வானநூலார் புளூட்டோவைக் கோள் வரிசையிலிருந்து எடுத்துக் குறுங்கோள் என்று வைத்தார்கள். ஆராய்ந்து மாற்றிக்கொள்வது விஞ்ஞானத்தின் வழக்கம். பஞ்சாங்கம் எப்போது மாற்றிக்கொண்டது?

இந்தத் தேதியின் கணக்கில் வேறு சிலவும் உண்டு. 1745-இல் இத்தாலியில் வோல்ட்டா பிறந்தார், மின்கலத்தைச் செய்தவர். எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்படும்வரை அங்கே மாடாய் உழைத்தவர்கள் நாளெல்லாம் உச்சரித்த 'வோல்ட்' என்ற சொல் அவர் பெயரிலிருந்து வந்ததே. 1836-இல் இராமகிருஷ்ண பரமஹம்சர் பிறந்தார். 1911-இல் அலகாபாத்தில் ஆன்றி பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர் ஏறத்தாழ 6,500 கடிதங்களை விமானத்தில் ஏற்றி, யமுனைக்கு அப்பாலுள்ள நைனியில் இறக்கினார். உலகின் முதல் அதிகாரபூர்வமான விமானத் தபால் அதுதான். அணுகுண்டு ஆராய்ச்சிக்குத் தலைவராயிருந்த ஓப்பன்ஹைமர் 1967-இல் இறந்ததும் இந்நாளில். இவற்றையெல்லாம் பள்ளிப் பிள்ளைகளின் பொதுஅறிவுப் புத்தகம் சொல்லிவிடும். நாம் நம் கடலுக்குத் திரும்புவோம்.

1946 பிப்ரவரி 18. பம்பாயில் 'தல்வார்' என்ற கடற்படைப் பயிற்சித் தளம். செய்தித் தொடர்பு பயிலும் இந்திய மாலுமிகள் அன்று காலை உணவைத் தொட மறுத்தார்கள். ஏன்? சோறு சோறாக இல்லை. பருப்பு பருப்பாக இல்லை. அதைக் கேட்டால் வெள்ளை அதிகாரியின் வாயிலிருந்து வந்தது வசவு. அந்தத் தளத்தின் தலைவன் கிங் என்பவன் மாலுமிகளைத் தாயைப் பழித்து ஏசினான் என்பது அவர்களுடைய புகார்களில் ஒன்று. சம்பளத்திலும் வெள்ளையனுக்கு ஒரு நீதி, கறுப்பனுக்கு ஒரு நீதி! உலகப்போரிலே ஒரே கடலில், ஒரே குண்டுக்கு முன் நின்றவர்கள் அவர்கள்.

தல்வாரில் மூண்ட நெருப்பு மறுநாளே துறைமுகத்துக் கப்பல்களுக்குத் தாவியது. கராச்சி, கல்கத்தா என்று பரவியது. சென்னையில் 'அடையாறு' என்ற பெயர்கொண்ட கரைத்தளத்து மாலுமிகளும் சேர்ந்தார்கள். 78 கப்பல்கள், 20 கரைத்தளங்கள், ஏறத்தாழ 20,000 மாலுமிகள்! பிரிட்டிஷ் கொடியை இறக்கினார்கள். காங்கிரசுக் கொடி, முஸ்லிம் லீக் கொடி, செங்கொடி மூன்றையும் ஏற்றினார்கள். வேலைநிறுத்தக் குழுவின் தலைவர் எம்.எஸ். கான், துணைத்தலைவர் மதன்சிங். ஒருவர் முஸ்லிம், மற்றவர் சீக்கியர். நாட்டைக் கூறுபோடும் பேச்சு நடந்துகொண்டிருந்த அந்த வேளையில், கப்பலின் மேல்தளத்தில் ஒற்றுமை நின்றது.

பம்பாய்த் தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. கம்யூனிஸ்டுக் கட்சி விடுத்த அழைப்பை ஏற்றுப் பிப்ரவரி 22 அன்று ஆலைகளைவிட்டு வெளியே வந்தார்கள். வீதிகளில் துப்பாக்கி பேசியது. அந்த நாட்களில் 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் மில் தொழிலாளரும் எளிய மக்களுமே. பெருந்தலைவர்களோ? சரணடையுங்கள் என்று படேலும் சொன்னார், ஜின்னாவும் சொன்னார். வேறு எதிலும் ஒத்துப்போகாத இரு தரப்பும் இதில் ஒத்துப்போனதை என்னென்பது! படையிலே கட்டுப்பாடு குலைந்தால் நாளைய சுதந்திர அரசுக்கும் இடர் வரும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கை நான் முற்றும் பிழையென்று சொல்லவில்லை. ஆனால் பிப்ரவரி 23 அன்று மாலுமிகள் சரணடைந்தபோது, பழிவாங்கல் இராது என்ற நம்பிக்கையில்தான் சரணடைந்தார்கள். அந்த நம்பிக்கை காப்பாற்றப்பட்டதா? 476 பேர் வேலையிழந்தார்கள். 1947-இல் சுதந்திரம் வந்தது. இரண்டு நாடுகள் வந்தன. இரண்டு கடற்படைகள் வந்தன. இரண்டில் ஒன்றுகூட அவர்களைத் திரும்ப அழைக்கவில்லை.

பிப்ரவரி 19 அன்றே, அதாவது எழுச்சி தொடங்கிய மறுநாள், மந்திரிசபைத் தூதுக்குழுவை இந்தியாவுக்கு அனுப்பப்போவதாக லண்டனில் அறிவித்தார்கள். அந்த முடிவு முன்னமே எடுத்ததுதான் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்லுவார்கள். இருக்கட்டும். ஆனால் கப்பலும் கப்பற்படையும் கையில் நில்லாத நாட்டை எத்தனை நாள் ஆள முடியும் என்பது பிரிட்டிஷாருக்கு அந்த ஐந்து நாட்களில் விளங்கியிருக்கும்.

கடற்கரைக் குப்பத்தில் பிறந்து, துறைமுகத்தருகே முதல் மே தினக் கொடியை ஏற்றிய சிங்காரவேலருக்கு இந்தச் செய்தி எப்படி இனித்திருக்கும்! கடல்மீது செங்கொடி; அதுவும் அவருடைய 86-ஆம் பிறந்தநாளில்! ஆனால் அவர் அதைக் காணவில்லை. 1946 பிப்ரவரி 11 அன்று அவர் கண்மூடிவிட்டார். ஏழே நாள்!

இன்று இராஜாஜி சாலையில், துறைமுகத்துக்கு எதிர்ச்சாரியில், சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் கட்டடத்துக்குச் 'சிங்காரவேலர் மாளிகை' என்று பெயர். பட்டா கேட்டும், முதியோர் பென்ஷன் கேட்டும், காசிமேட்டிலிருந்தும் தண்டையார்ப்பேட்டையிலிருந்தும் மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் அந்தப் பெயரின் கீழேதான் நுழைகிறார்கள்.