சரக்கு போட்ட கடையில் சாப்பிட உட்கார்ந்தோம்

நமது சங்க இதழில் நான் எழுதினால் வரியைப் பற்றியோ, தராசுக்கு முத்திரை போடுவதைப் பற்றியோ, பருப்பு விலை ஏறி இறங்குவதைப் பற்றியோதான் இருக்கும். இந்த முறை இட்லிக் கடைகளைப் பற்றி எழுதுகிறேன். இதுவும் நம் வியாபாரத்தைச் சேர்ந்ததுதான் என்பது போகப் போகத் தெரியும்.

மதுரை கீழமாசி வீதியில் 1977-ல், என் பதினெட்டாவது வயதில், தகப்பனார் கடையில் சிட்டை எழுத உட்கார்ந்தேன். உளுந்து, துவரை, பாசிப்பயறு, கடலைப் பருப்பு மொத்த வியாபாரம். 1984-ல் கல்யாணம். அன்று முதல் 38 வருடம் மத்தியானச் சாப்பாடு தூக்குச்சட்டியில் கடைக்கு வந்தது. இரவு கடை எடுத்து வைத்து, கல்லா எண்ணி, வீடு போய்ச் சேரப் பத்தரை ஆகும். எனக்குப் போட்டுவிட்டு அதன் பிறகுதான் வீட்டில் சாப்பிடுவார்கள். இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இதைப் படிக்கும் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டு நடப்பு இதுதான்.

வெளியில் சாப்பிட்டதே இல்லையா என்றால் உண்டு. கல்யாண மண்டபப் பந்தி, கோயில் பிரசாதம், வெளியூர் போனால் பஸ் நிற்கிற ஹோட்டல். மகன் தலையெடுத்த பிறகு ஏ.சி. போட்ட பெரிய ஹோட்டலுக்கு எல்லோரையும் அழைத்துப் போனான். மேஜையில் ஒட்டியிருந்த கட்டத்தை போனில் படம் பிடித்தால்தான் விலைப்பட்டியல் தெரியும் என்றார்கள். நான்கு பேருக்கு பில் ரூ.1,900-ஐத் தாண்டியது. என் மனைவி ஒரு நாண் ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து மோர்ச்சாதம் சாப்பிட்டாள்.

2022 மே 5 அன்று எல்லாம் மாறியது. வணிகர் தினம், கடை அடைப்பு. வழக்கமாக மாநாட்டுக்குக் கிளம்புகிறவன், முழங்கால் வலியால் அந்த ஆண்டு போகவில்லை. சாயங்காலம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "என்னங்க, இன்னிக்குக் கடைதான் இல்லையே, வெளியில போய் ரெண்டு இட்லி சாப்பிட்டு வருவமா? அடுப்பு பத்த வைக்க முடியல, புழுக்கமா இருக்கு" என்றாள். மேலமாசி வீதி முருகன் இட்லிக் கடைக்குப் போனோம். வாழை இலையில் இட்லி வைத்து, நான்கு விதச் சட்னி ஊற்றினார்கள். அவள் சட்னியைத் தொடாமல் முதலில் வெறும் இட்லியைப் பிய்த்து வாயில் போட்டாள். "சூடா இருக்கும்போதே நான் சாப்பிட்டு எத்தனை வருஷமாச்சு" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். எனக்குத்தான் அடுத்த வாய் இறங்கவில்லை.

அதிலிருந்து வியாழன் இரவு எங்களுக்கு என்று வைத்துக்கொண்டோம். வியாழனில் வெளியூர் லோடு குறைவு, எட்டரைக்கு மகனிடம் சாவியைக் கொடுத்துவிடலாம். இருவருக்கும் சேர்த்து ரூ.200-க்கு மேல் போகக்கூடாது என்பது அவள் போட்ட வரம்பு. நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்பது என் முழங்கால் போட்ட வரம்பு.

ஒரு சங்கடம் இருந்ததைச் சொல்லிவிட வேண்டும். மொத்த வியாபாரிக்கு முதல் என்பது கிட்டங்கியில் இருக்கும் மூட்டை மட்டுமல்ல, பஜாரில் இருக்கும் பேரும்தான். முதலாளி தெருவோர முக்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்றால், கையிருப்பு முடையோ என்று பேச ஆள் உண்டு. மூன்றாவது வாரமே ஒரு தரகர், "என்ன அண்ணாச்சி, வீட்ல சமையல் இல்லையா?" என்று கேட்டுவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. என் மனைவிதான், "ஆமா தம்பி, வியாழக்கிழமை எனக்கு வார லீவு" என்று பதில் சொன்னாள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

எங்கே நல்ல சாப்பாடு கிடைக்கும் என்பதை அவள் கண்டுபிடிக்கும் விதம் தனி. விளம்பரப் பலகையைப் பார்க்கமாட்டாள். சுமைதூக்கும் தொழிலாளர்கள் எங்கே நின்று சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்பாள். உழைக்கிறவன் தினம் சாப்பிடுகிற கடையில் பழைய மாவு ஓடாது என்பது அவள் கணக்கு. இந்த வழியில்தான் கிட்டங்கித் தெருக்களின் சந்துகளில் பணியாரக் கடை, இடியாப்பக் கடை, ராத்திரிப் பால் கடை என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டோம். நாற்பத்தைந்து வருடம் அதே வீதிகளில் நடந்தவன் நான். அவை அங்கே இருப்பது தெரியும், அவர்களில் பாதிப் பேர் நம் சரக்கு வாங்குகிறவர்கள் என்பதும் தெரியும். உள்ளே போய் உட்கார்ந்ததில்லை.

விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிக்கப் போனபோது, பாதாம் பிசின் ஒரு பிடி ஊறினால் ஒரு குண்டான் நிறையும், லாபம் அதில்தான் இருக்கிறது என்று ஆரம்பித்தேன். "குடிக்கிற இடத்திலயுமா கணக்கு?" என்றாள். வாயை மூடிக்கொண்டேன். சுண்டக் காய்ச்சிய பாலும், நன்னாரி சர்பத்தும், மேலே போட்ட ஐஸ்கிரீமும் சேர்ந்து அவ்வளவு நன்றாகத்தான் இருந்தது. மார்கழி மாதம் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சுவது. தொண்டைக்கும் இதம், விலையும் குறைவு. சிம்மக்கல் கோனார் கடைக் கறி தோசைக்கு மட்டும் 200 ரூபாய் வரம்பைத் தாண்டினோம். தோசையின் மேல் முட்டை, அதன் மேல் கொத்துக்கறி என்று அடுக்கி வேகவைத்த அதை நான் ஒன்று முழுதாகச் சாப்பிட முடியாமல் திணறினேன். அவள் சாப்பிட்டு முடித்துவிட்டு என் தட்டைப் பார்த்தாள்.

இனி, நான் எழுத வந்த விஷயம்.

2022 ஜூலை மாதம் ஒரு வியாழக்கிழமை, வடக்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் ஆவி பறக்கிற இட்லிக் கொப்பரையைப் பார்த்து அவள் உள்ளே நுழைந்துவிட்டாள். நான்கு பெஞ்சு, ஒரு குண்டு பல்பு. அடுப்படியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள். நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் அவர் கை கரண்டியோடு நின்றுவிட்டது. எனக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது.

அவர் கணவர் பல வருடம் நம் கடையில் உளுந்து எடுத்தவர். இரண்டு நாளைக்கு ஒரு முறை சைக்கிளில் வந்து ஐந்து கிலோ, முந்தைய பாக்கியைக் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்வார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பேரேட்டில் அவர் பெயரில் ரூ.18,400 நின்றது. முந்தைய தை மாதம் ஏதோ மருத்துவச் செலவு என்று பாக்கியை ஓடவிட்டிருந்தார். கடை திறக்க அனுமதி வந்ததும் பாக்கி கேட்டு மூன்று முறை பையனை அனுப்பினேன். மூன்றாம் முறை, "பழசைக் கட்டினால்தான் புதுச் சரக்கு" என்று சொல்லச் சொன்னேன். அதன் பிறகு அவர் வரவில்லை. 2021-ல் இரண்டாவது அலையில் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். பேரேட்டில் வாராக்கடன் என்று எழுதிப் பக்கத்தை மூடினேன். துக்கம் விசாரிக்கப் போகவில்லை. போனால் பாக்கி கேட்க வந்ததாக நினைப்பார்கள் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

என் மனைவிக்கு இதில் ஒன்றும் தெரியாது. இட்லியை வாயில் வைத்தவள், "மாவு இன்னும் கொஞ்சம் பொங்கியிருக்கணும். பழைய உளுந்தும்மா இது" என்று அந்த அம்மாளிடமே சொல்லிவிட்டாள். அவர் என்னைப் பார்க்காமல், "சில்லறைக் கடையில கிலோ கிலோவா வாங்குறேன் அக்கா. கிடைக்கிறதுதானே" என்றார்.

நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பர்மா உளுந்தில் எஸ்.க்யூ. ரகம் எஃப்.ஏ.க்யூ. ரகத்தைவிடப் பருமன், இட்லிக் கடைக்காரர் அதைத்தான் தேடுவார். புதுச் சரக்கானால் மாவு கூடக் காணும், அதே உளுந்தில் பத்து இட்லி கூட வரும். பத்து இட்லி என்பது இவ்வளவு சிறிய கடையில் ஒரு நாள் காய்கறிச் செலவு. நான் சரக்கை நிறுத்தியதால் அவர் கூடுதல் விலை கொடுத்து மட்டச் சரக்கு வாங்கி, இரண்டு பக்கமும் நஷ்டப்பட்டுக்கொண்டிருந்தார்.

பில் ரூ.74. நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்தேன். ரூ.26 மீதியை எண்ணிக் கொடுத்துவிட்டு, "அண்ணாச்சி, அவுக பாக்கி எனக்குத் தெரியும். மாசம் ஐநூறாத் தந்துடுறேன்" என்றார்.

வீடு வரும் வழியில் எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். பாக்கியைத் தள்ளுபடி செய்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். அவள் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தாள். பிறகு, "மூணு தடவை பையனை அனுப்புனதுக்கு, ஒரு தடவை நீங்க போய் ரெண்டு இட்லி சாப்பிட்டிருந்தா வீட்டு நிலைமை தெரிஞ்சிருக்கும்" என்றாள். தள்ளுபடிக்கு அவள் ஒப்பவில்லை. "நீங்க தள்ளிட்டா அந்தம்மா நம்மகிட்ட இட்லிக்குக் காசு வாங்க மாட்டாங்க. காசு வாங்காத கடைக்கு எப்படித் திரும்பப் போறது?"

அதன்படியே செய்தோம். மறுநாள் காலை பத்து கிலோ புது உளுந்து அனுப்பினேன், ரொக்க விலையில், வாரக் கடனாக. பழைய பாக்கிக்கு 2022 ஆகஸ்ட் முதல் மாதம் ரூ.500. இடையில் ஒரு மாதமும் தவறவில்லை.

இதைப் படித்துவிட்டு, கடன் கொடுத்தவன் எல்லோர் வீட்டிலும் போய்ச் சாப்பிட முடியுமா என்று கேட்பீர்கள். முடியாதுதான். எனக்கு ஏமாற்றியவர்களும் உண்டு. கடை மாற்றி, ஊர் மாற்றிப் போனவரிடம் பையனை அல்ல, வக்கீலைத்தான் அனுப்ப வேண்டும். ஆனால் ஒரு சாப்பாட்டுக் கடை எப்படி நடக்கிறது என்பதை அறிய பேரேடு போதாது. எத்தனை தட்டு போகிறது, மாவு மீதியாகிறதா, இரவு எத்தனை மணிக்கு அடுப்பை அணைக்கிறார்கள் என்பதெல்லாம் உட்கார்ந்து சாப்பிட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இப்போது புதிதாகக் கடன் கேட்டு வரும் சிறு ஹோட்டல்காரர் கடைக்கு முதலில் நாங்கள் இருவரும் ஒரு வியாழன் போய் வருகிறோம். அவரிடம் சொல்லிக்கொள்வதில்லை. சட்னி, சாம்பார் பற்றிய தீர்ப்பு அவளுடையது. கல்லாப் பக்கம் என் பார்வை. அவள் வேண்டாம் என்ற இரண்டு பேருக்கு நான் கொடுக்கவில்லை. அதில் ஒருவர் ஐந்து மாதத்தில் கடையைப் பூட்டிவிட்டார்.

இன்னொன்று. நாம் ஹோட்டல் என்றாலே பெரிய ஹோட்டலை நினைத்து மலைக்கிறோம். 2017 நவம்பர் 15-லிருந்து சாதாரண ஹோட்டல்களில் ஏ.சி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரி ஒரே 5 சதவீதம்தான். பில் ஏறுவது வரியால் அல்ல, வாடகையாலும் அலங்காரத்தாலும். சந்துக் கடையில் கொடுக்கிற ரூபாய் பெரும்பாலும் அரிசிக்கும் உளுந்துக்கும், அதாவது நம் பஜாருக்கே திரும்பி வருகிறது.

என் மனைவி தினக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போன இடம், சாப்பிட்டது, விலை மூன்றையும் எழுதி ஒரு கம்பியில் குத்தி வைத்திருக்கிறாள், நாம் சிட்டை குத்துவது போலவே. நூற்று நாற்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டது.

2025 ஆகஸ்டில் முப்பத்தேழாவது தவணையாக ரூ.400 கொடுத்து அந்த அம்மாள் பாக்கியை நேர் செய்தார். அந்த வியாழன் நாங்கள் அங்கேதான் போனோம். பணியாரம் புதிதாகப் போட்டிருந்தார். என் மனைவி இரண்டாம் முறை காரச் சட்னி கேட்டு வாங்கினாள். பில் ரூ.92 என்றார். நூறு ரூபாயைக் கொடுத்தேன். எட்டு ரூபாய் மீதியை என் கையில் கொடுக்காமல் அவள் கையில் கொடுத்து, "அக்கா, இப்ப மாவு எப்படி?" என்று கேட்டார்.