புயலும் புனைபடமும்

2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் தேதி இரவு, ஐக்கிய அமெரிக்காவின் பிளாரிடா மாகாணக் கரையில் 'ஹெலீன்' என்னும் பெரும்புயல் புகுந்தது. கரையோரத்தைச் சிதைத்ததோடு அது அமையவில்லை. நூற்றுக்கணக்கான மைல் உள்நாட்டிற் சென்று, வட கரோலினாவின் மலைநாட்டில் பெருமழையைக் கொட்டிற்று. ஆறுகள் கரைபுரண்டன, மலைச்சரிவுகள் இடிந்தன, பாதைகள் அழிந்து ஊர்கள் தனித்து நின்றன. பல மாகாணங்களிலுமாக இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இத்துயரத்தின் நடுவே ஒரு படம் நாடெங்கும் பரவிற்று. சிறு படகிலே ஒரு பெண் குழந்தை, அணைத்த கையில் ஒரு நாய்க்குட்டி, முகமெல்லாம் அழுகை, சுற்றிலும் வெள்ளம். கண்டோர் உள்ளம் கரைந்தனர். ஆனால் அக்குழந்தை எந்தத் தாய் வயிற்றிலும் பிறந்தவளல்லள். செயற்கை அறிவுப் பொறி ஆக்கித் தந்த வெறும் தோற்றம் அது. இவ்வுண்மை எடுத்துரைக்கப்பட்டபோது, படத்தைப் பரப்பியவர்களுள் ஒருவரான அரசியற் பிரமுகர், அஃது எங்கிருந்து வந்ததென்பது பொருட்டன்றென்றும், ஜனங்கள் படும் துன்பத்திற்கு அஃதோர் அடையாளமாதலால் அதனை நீக்கப் போவதில்லையென்றும் விடை கூறினார்.

இவ்விடையைச் சிரித்துத் தள்ளிவிடுதல் எளிது. ஆராய்ந்து தள்ளுவதே முறை. துயரம் உண்மையாயிருக்க, அதைக் காட்டும் படம் பொய்யாயிருந்தால் என்ன? இதுவே அவர் வினா.

படத்தில் மாற்றம் செய்வது இன்று தோன்றிய வழக்கமன்று. பிரான்ஸ் தேசத்துக் குஸ்தாவ் லெ கிரே என்பார் 1850-களில் கடற்காட்சிகளைப் படம் பிடித்தார். அக்காலத்து ரசாயனப் பூச்சில் கடல் தெளிவாய் விழுந்தால் வானம் வெளிறிப் போகும். வானம் தெளிவாய் விழுந்தால் கடல் கருத்துப் போகும். ஆதலின் அவர் கடலைத் தனியாகவும் மேகத்தைத் தனியாகவும் எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் இணைத்து அச்சிட்டார். 1857-இல் ஆஸ்கர் ரைலாண்டர் என்பார் முப்பதுக்கு மேற்பட்ட படங்களை இணைத்து, வாழ்வின் இரு வழிகளைக் காட்டும் ஒரே சித்திரம் ஆக்கினார். இவர்களை யாரும் பொய்யரென்று இகழ வேண்டுவதில்லை. சித்திரக்காரனுக்கு வர்ணம் எப்படியோ, அப்படியே இவர்களுக்கு நிழற்படம். புயலில் வீடிழந்த ஒருவன் தன் நெஞ்சின் கலக்கத்தைக் காட்ட விரும்பி, தன் வீட்டின் படத்தைக் கிழித்தும் ஒட்டியும் கடலை அதன் கூரைமேல் ஏற்றியும் ஒரு சித்திரம் செய்வானாயின், அது கலை. 'இஃது என் உள்ளம் கண்டது' என்று அவன் சொல்கின்றான். அச்சொல் மெய்.

படகுக் குழந்தையின் படமோ அவ்வாறு வந்ததன்று. 'இது நிகழ்ந்தது, காமிரா கண்டது' என்ற கோலத்தில் வந்தது. கலைஞன் கற்பனையைக் கற்பனையென்றே தருகின்றான். இதனைப் பரப்பியோர் கற்பனைக்குச் சாட்சியின் வேஷம் போட்டனர். நீதிமன்றத்திலே, 'என் கட்சிக்காரன் பட்ட துன்பம் உண்மை. ஆகையால் பொய்ச்சாட்சி கொண்டுவந்தேன்' என்று ஒரு வக்கீல் சொன்னால் நாம் ஏற்போமா?

உணர்ச்சியை எழுப்பப் பொய் வேண்டுமென்பதும் உண்மையன்று. 2012 அக்டோபர் 29-ஆம் தேதி 'சாண்டி' புயல் நியூஜெர்ஸிக் கரையைத் தாக்கியது. நியூயார்க்கின் சுரங்க ரயில் வழிகளிற் கடல்நீர் பாய்ந்தது. அப்பொழுது சுதந்திர தேவியின் சிலைக்கு மேலே ராட்சச மேகம் சுழல்வதாக ஒரு படம் உலாவிற்று. அம்மேகம் 2004-இல் நெப்ராஸ்காவில் எடுக்கப்பட்டது, நியூயார்க்கை அறியாதது. அதே வாரத்தில் டச்சு நாட்டு நிழற்படக்காரர் ஐவான் பான், ஹெலிகாப்டரில் ஏறி இரவில் மான்ஹாட்டன் தீவை எடுத்தார். தீவின் தென்பகுதி இருளில் மூழ்கிக் கிடக்க, வடபகுதி விளக்கொளியில் மின்னியது. அங்கே மேகமில்லை, அழுகையில்லை. எனினும் ஒரு மாநகரத்தின் துயரத்தை அவ்விருள் சொல்லிற்று. ஒட்டுப்படம் அச்சத்தை மட்டும் தந்தது. மெய்ப்படம் மின்சாரமற்ற மக்கள் எங்கே இருக்கின்றனர் என்பதையும் காட்டிற்று.

பொய்ப்படத்தால் நஷ்டமடைவோர் யாவர்? துன்புற்றோரே. ஒருமுறை ஏமாந்தவன் மறுமுறை மெய்யான குழந்தையின் கண்ணீரைக் கண்டாலும், 'இதுவும் பொறி செய்ததோ?' என்று கையை மடக்கிக்கொள்வான். ஹெலீன் புயலின்போது வதந்திகள் பெருகி, அமெரிக்க சர்க்காரின் விபத்து நிவாரண ஸ்தாபனம் அவற்றை மறுப்பதற்கே தனி ஏற்பாடு செய்ய நேர்ந்தது. வீடு வீடாய்ச் சென்ற பணியாளருக்கு மிரட்டல் எழவே, சில இடங்களில் வேலை தற்காலிகமாய் நின்றது. அரிசியும் கம்பளியும் சுமக்க வேண்டிய கைகள் பொய்யைத் துடைப்பதில் ஈடுபட்டன.

இஃது அயலார் குற்றமென்று நாம் வாளாவிருத்தலாகாது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோது, பிரதம மந்திரி வானிலிருந்து நகரைப் பார்வையிட்ட படமொன்றை மத்திய சர்க்காரின் பத்திரிகைத் தகவல் பிரிவு வெளியிட்டது. ஜன்னலிலே தெளிவான வேறொரு வெள்ளக் காட்சி ஒட்டப்பட்டிருந்தது. கண்டனம் எழுந்தபின் படம் நீக்கப்பட்டது, வருத்தமும் தெரிவிக்கப்பட்டது. வெள்ளம் மெய், பார்வையிட்டதும் மெய். ஒட்டியதனால் மெய்யும் நகைப்புக்கிடமாயிற்று.

பொதுவாழ்வில் ஈடுபட்ட நண்பர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே. கலைஞன் தாராளமாகப் புனையட்டும், புனைவென்று அறிவிக்கட்டும். பத்திரிகையும் சர்க்காரும் செய்திப் படத்தில் ஒரு மேகத்தையேனும் கூட்டவும் வேண்டா, குறைக்கவும் வேண்டா. ஒரு படத்தைப் பிறருக்கு அனுப்புமுன் யார் எடுத்தது, எங்கே, எப்பொழுது என்று ஒவ்வொருவரும் வினவுக. நம் கட்சிக்கு அநுகூலமான படமாயின் இருமுறை வினவுக. ஏழையின் துயரம் பொய்யின் உதவியை வேண்டி நிற்பதன்று. அதற்கு வேண்டுவது, உள்ளதை உள்ளவாறு உரைக்கும் நாவும், உடனே நீளும் கையுமேயாகும்.