ராஜீவ் கொலை: சதியும் சதிக் கதைகளும்

1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் கூட்டத்தில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி மனித வெடிகுண்டுக்குப் பலியானார். ஆரணிக்காரர்களுக்கு இது பக்கத்து ஊர் வழக்கு. காஞ்சிபுரம் வழியாகச் சென்னைக்குப் போகிறவர்கள் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டித்தான் போகிறார்கள். மரண தண்டனைக் கைதிகள் பல ஆண்டுகள் அடைபட்டிருந்த வேலூர் சிறையும் ஆரணியிலிருந்து ஏறக்குறைய 40 கி.மீ. தொலைவில்தான் இருக்கிறது. கொலைக்குச் சதி நடந்தது என்பது நீதிமன்றத்தில் நிரூபணமான உண்மை. நிரூபணமாகாத கதைகள் அதற்கு அப்பால்தான் தொடங்குகின்றன.

துப்புக் கொடுத்தது ஒரு கேமரா. கொலைக் குழுவுக்காகப் படமெடுக்க வந்த ஹரிபாபு குண்டுவெடிப்பில் இறந்துபோனார். அவருடைய கேமரா தப்பியது. சந்தன மாலையோடு காத்திருந்த மனித வெடிகுண்டு தணு, நிருபர் போலக் குர்தாவும் பைஜாமாவும் அணிந்து நின்ற கொலைக் குழுத் தலைவர் சிவராசன் இருவரும் அந்தப் படங்களில் இருந்தார்கள். டி.ஆர். கார்த்திகேயன் தலைமையிலான சிறப்புப் புலனாய்வுக் குழு அந்த நூலைப் பிடித்துக்கொண்டு விடுதலைப் புலிகள் வரை சென்றது. ராஜீவ் மீண்டும் பிரதமரானால் அமைதிப்படையை இலங்கைக்கு அனுப்பிவிடுவார் என்ற அச்சமே கொலைக்குக் காரணம் என்றது அரசுத் தரப்பு.

பூந்தமல்லி தடா நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு அதை உறுதி செய்தது. மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. மற்ற 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் அடங்காததற்குக் காரணங்கள் உண்டு. எல்லாம் தெரிந்த சிவராசன், 1991 ஆகஸ்டில் பெங்களூரு அருகே கோணனகுண்டேயில் போலீஸ் சுற்றி வளைத்தபோது கூட்டாளிகளோடு உயிரை மாய்த்துக்கொண்டார். கொலைக் குழு கரையிறங்கிய கோடியக்கரையில் அவர்களுக்கு உதவிய கடத்தல்காரர், விசாரணைக் காவலில் இருந்தபோதே தூக்கில் பிணமாகத் தொங்கினார். வெடிகுண்டைச் செய்தவர் யார் என்பது நீதிமன்றத்தில் நிறுவப்படவில்லை. முக்கியமான வீடியோ பதிவு ஒன்று மறைக்கப்பட்டதாகத் தலைமை விசாரணை அதிகாரி கே. ரகோத்தமனே பின்னாளில் எழுதினார். பேட்டரி வாங்கிக் கொடுத்தது எதற்கென்று தனக்குத் தெரியாது என்று, மரண தண்டனை உறுதியான நால்வரில் ஒருவரான பேரறிவாளன் சொன்னதை வாக்குமூலத்தில் பதியாமல் விட்டதாக, அதைப் பதிவு செய்த அதிகாரி 2013-இல் ஒப்புக்கொண்டார்.

இந்த இடைவெளிகளில்தான் ஆயுதத் தரகர்கள், வெளிநாட்டு உளவு நிறுவனங்கள், சாமியார் சந்திராசாமி என்று பெயர்கள் வரிசையாக நுழைந்தன. பாதுகாப்புக் குறைபாடுகளை வர்மா கமிஷன் ஆராய்ந்தது. சதியின் பின்னணியை ஆராய்ந்தது ஜெயின் கமிஷன். ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கை தி.மு.க.வைக் குறை கூறியதால் 1997-இல் குஜ்ரால் அரசே கவிழ்ந்தது. சந்திராசாமியின் பங்கையும் விசாரிக்க வேண்டும் என்றது இறுதி அறிக்கை. அதற்காக 1998-இல் சி.பி.ஐ.யின் கீழ் பல்நோக்குக் கண்காணிப்பு முகமை அமைக்கப்பட்டது. ஆனாலும் சந்திராசாமி மீது கொலைச் சதி வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. 2017-இல் அவர் இறந்தார்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1963-இல் அதிபர் கென்னடியைச் சுட்டதாகக் கைதான ஆஸ்வால்டை, இரண்டே நாளில் போலீஸ் தலைமையகத்துக்குள்ளேயே ஜாக் ரூபி சுட்டுக் கொன்றார். ரூபிக்குத் தாதாக்களோடு பழக்கம் இருந்ததால், மாஃபியாவே கொன்றது என்ற பேச்சு கிளம்பியது. ஆஸ்வால்ட் தனியாகவே செய்தார் என்றது வாரன் கமிஷன். 1979-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று, சதி நடந்திருக்கக்கூடும் என்றது. மாஃபியா ஆட்கள் சிலருக்குப் பங்கு இருந்திருக்கலாம் என்பதையும் அது தள்ளிவிடவில்லை. அந்த முடிவுக்கு ஆதாரமாயிருந்த ஒலிப்பதிவு ஆய்வை 1982-இல் அறிவியல் அறிஞர் குழு ஏற்க மறுத்தது.

இரண்டு வழக்குகளிலும் முக்கியமானவர் வாய் திறக்கும் முன்பே செத்துப்போனார். அந்த மௌனம் கேள்வி எழுப்பப் போதுமானது. இன்னார்தான் செய்தார் என்று சொல்ல அது போதாது. அதற்குப் பணம் கைமாறிய தடமோ, ஆள் சந்தித்த சாட்சியோ, எழுத்தோ வேண்டும். ராஜீவ் வழக்கில் புலிகளின் பங்குக்கு அவை கிடைத்தன. புலிகளுக்குப் பின்னால் வேறொருவர் இருந்தார் என்பதற்கு நீதிமன்றம் ஏற்கும்படி எதுவும் கிடைக்கவில்லை. 2022-இல் பேரறிவாளன் மே மாதமும் தண்டனை பெற்ற மற்ற ஆறு பேர் நவம்பரிலும் விடுதலையானார்கள். பல்நோக்கு முகமையும் அதே ஆண்டில் கலைக்கப்பட்டது.