கத்தரிக்குப் பயந்தால் மல்லிகை பூக்காது

வீட்டில் வைத்த மல்லிகை பூக்கவில்லை என்று வருத்தப்படுகிறவர்களின் செடியைப் போய்ப் பார்த்தால், அது நோஞ்சானாக இருப்பது அபூர்வம். மதில் உயரத்துக்கு வளர்ந்து, இலை அடர்ந்து, பச்சைப்பசேலென்று நிற்கும். எங்கோ உச்சியில் நான்கைந்து மொட்டு தெரியும். தண்ணீர் விடுகிறோம், எரு வைக்கிறோம், ஒரு குறையும் வைக்கவில்லையே என்பார்கள். வைத்திருக்கும் ஒரே குறை, அதை வெட்டாமல் விட்டதுதான்.

குண்டுமல்லி புதுத் தளிரின் நுனியில் மொட்டு வைக்கும் செடி. பழைய கிளை எவ்வளவு தடித்திருந்தாலும் அதிலிருந்து நேராகப் பூ வராது. கணுவில் கொழுந்து விட்டு, அது நாலைந்து ஜோடி இலை எடுத்த பிறகு, முனையில் அரும்பு கட்டும். ஆகவே எத்தனை புதுத் தளிரோ அத்தனை பூங்கொத்து. வெட்டாத கொடி, மேலே மேலே நீளுவதிலேயே தன் சத்தைச் செலவழிக்கிறது.

மதுரை, திண்டுக்கல் பக்கத்து மல்லிகை விவசாயிகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நவம்பர் கடைசி வாரம் வந்தால் தண்ணீரை நிறுத்திச் செடியைக் கொஞ்சம் வாடவிட்டு, தரையிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டர் உயரத்தில் கவாத்து செய்வார்கள். காய்ந்த குச்சி, நோய் விழுந்த கிளை, உள்பக்கமாகப் பின்னிக்கொண்ட கொடி எல்லாம் போய்விடும். மிச்சமிருக்கும் இலைகளையும் உருவிவிடுவார்கள். பிறகு தூரைச் சுற்றிக் கொத்தி, மக்கிய தொழுவுரம் வைத்து நீர் பாய்ச்சினால், மார்ச்சில் தொடங்கி ஜூலை வரை பூ. பிச்சிக்கு இதே வேலையை டிசம்பர் கடைசியிலும், முல்லைக்கு ஜனவரி கடைசியிலும் செய்ய வேண்டும். மார்கழி, தை மாதங்களில் மல்லிகை விலை எட்டாத உயரத்துக்குப் போவதற்குக் குளிரும் பனியும் ஒரு காரணம். பல தோட்டங்களில் செடி அப்போது கவாத்து முடிந்து வெறும் குச்சியாக நிற்பது இன்னொரு காரணம்.

அந்த வெறும் குச்சியைப் பார்க்கத்தான் வீட்டுக்காரர்களுக்கு மனம் வருவதில்லை. ஆசையாக வளர்த்ததை மொட்டையடிப்பதா என்று கை தயங்கும். தயங்கவே வேண்டாம். ஆரோக்கியமான செடி சில வாரங்களில் கணுவுக்குக் கணு துளிர்த்துவிடும். பெரிய கவாத்து வருடத்துக்கு ஒருமுறை போதும். அதோடு, ஒவ்வொரு முறை பூத்து ஓய்ந்ததும் காம்பு நுனியை இரண்டு ஜோடி இலையோடு கிள்ளிவிடுங்கள். அந்த இடத்தில் இரண்டு தளிர் கிளைக்கும்.

வெட்டியும் பூக்கவில்லை என்றால் வெயிலைப் பாருங்கள். மல்லிகைக்கு ஐந்தாறு மணி நேர நேர்வெயில் கட்டாயம். மாமர நிழலில் வைத்துவிட்டுப் பூ கேட்பது நியாயமில்லை. அடுக்குமாடி வீடுகளில் பால்கனியைவிட மொட்டைமாடிதான் இதற்கு ஏற்ற இடம். தொட்டி ஒன்றரை அடி அகலமாவது இருக்கட்டும், அடியில் நீர் வடிய ஓட்டை இருக்கட்டும். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றும் கலந்த மண் போதும். யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் கொழிக்கும்.

ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் பாய்கிற இடங்களில் இளம் இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அது இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, மாதம் ஒருமுறை, இலை தெளியும் வரை தெளிக்கலாம்.

மொட்டு ஊதா நிறமாகி உதிர்ந்தால் பூச்சிதான். மொட்டுப்புழு அரும்பைத் துளைத்து உள்ளே இருந்து தின்னும். இன்னொன்று மொட்டு ஈ. அது தாக்கிய மொட்டு அடியில் வீங்கி, வளராமல் நின்றுவிடும். இந்த ஈயின் புழு மொட்டை விட்டு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மருந்துக் கடைக்கு ஓடுமுன், கெட்ட மொட்டுகளைத் தினமும் பொறுக்கி அழித்து, தூரடி மண்ணைக் கிளறி வேப்பம்பிண்ணாக்கு இடுங்கள். நாலு செடி வைத்திருக்கும் வீட்டுக்கு இது பெரும்பாலும் போதுமானது. தலையில் சூடப்போகிற பூவுக்குக் கடும் விஷம் அடிப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

கவாத்தில் விழுந்த கிளைகளைக் குப்பையில் போடாதீர்கள். பென்சில் பருமனில், மூன்று நான்கு கணு உள்ள முற்றிய துண்டுகளாக நறுக்கி, அடி இலைகளை நீக்கி, ஈர மணலில் நிழலில் நட்டால் ஒன்றரை, இரண்டு மாதத்தில் வேர் பிடிக்கும். ராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் இதுவே ஊர்த்தொழில். அந்தக் கடலோர மணலில் வேர்விட்ட நாற்றுகள்தான் மதுரைத் தோட்டங்களுக்குப் போகின்றன. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்குப் பின்னால் அந்த மணல்காட்டு உழைப்பும் இருக்கிறது. வீட்டில் குச்சி நட இடமில்லையென்றால், தரையோடு தாழ்ந்த ஒரு கிளையை வளைத்து, நடுவில் லேசாகக் கீறி மண்ணில் புதைத்துப் பதியன் போடலாம். வேர் வந்தபின் தாய்ச்செடியிலிருந்து வெட்டிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். முதல் வருடம் பூ குறைவாகத்தான் இருக்கும். மூன்றாம் வருடத்திலிருந்து நிறைய வரும். வருடம் தவறாமல் கவாத்து செய்தால் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்குக் குறையாது.