வெளிநாடு புறப்படுமுன்: தோபித்தின் வீட்டில் ஒரு பாடம்



இரவு ஒன்பது மணிக்கு மேல் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் சற்று நேரம் நின்றால் ஒரு காட்சியை நாம் அடிக்கடி காணலாம். திருச்சிக்கோ சென்னைக்கோ போகும் பேருந்தின் அருகே ஒரு குடும்பமே வட்டமாக நிற்கும். நடுவே புதுச்சட்டை போட்ட ஓர் இளைஞன். காலடியில் கயிறு சுற்றிய பெட்டி. தாய் ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பைக்குள் திணிப்பார். மனைவி ஒன்றும் பேசாமல் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றுவார். தந்தை மட்டும், "பாஸ்போர்ட்டைப் பத்திரமா வச்சிருக்கியாப்பா?" என்று நான்காவது முறையாகக் கேட்பார். பேருந்து நகர்ந்த பிறகும் அந்த வட்டம் கலைய நேரமாகும்.

செப்டம்பர் 29ஆம் நாள் அதிதூதர்களான மிக்கேல், கபிரியேல், இரபேல் ஆகியோரின் விழாவைக் கொண்டாடுகிறோம். அதே மாதத்தின் கடைசி ஞாயிறை, குடிபெயர்ந்தோருக்கும் புலம்பெயர்ந்தோருக்கும் உரிய உலக நாளாகத் திருஅவை கடைப்பிடிக்கிறது. வழிப்பயணிகளின் பாதுகாவலரான இரபேலைப் பற்றி நமக்குச் சொல்லும் நூல் தோபித்து ஆகமம். வெளியூருக்கு மகனை அனுப்பும் ஒரு வீட்டின் கதை அது. பயணம் நலமாக அமையச் செபிக்க வேண்டும் என்பதோடு, புறப்படுமுன் என்னென்ன விசாரிக்க வேண்டும் என்பதையும் அந்த நூல் கற்றுத்தருகிறது. அதை இன்று நம் வாழ்வோடு சேர்த்துச் சிந்திப்போம்.

தோபித்து நினிவே நகரில் நாடுகடத்தப்பட்டு வாழ்ந்தவர். பார்வை போய், வறுமை சூழ்ந்த நேரத்தில், மேதியா நாட்டில் கபேல் என்பவரிடம் பத்துத் தாலந்து வெள்ளியை ஒப்படைத்து வைத்தது நினைவுக்கு வருகிறது. அதை வாங்கி வர ஒரே மகன் தோபியாவை அனுப்ப முடிவு செய்கிறார். கையில் காசில்லை, வீட்டில் நோய், தூரதேசத்தில் பணம் இருக்கிறது. நம் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரத்து வீடுகளில் நடக்கும் பேச்சும் இதுதானே!

முதலாவது: எழுத்தில் இருக்கிறதா?

"என்னை அவருக்குத் தெரியாது, அவர் எப்படி நம்புவார்?" என்று மகன் கேட்கிறான். பணத்தைக் கொடுத்தபோதே பத்திரம் எழுதி, அதை இரண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு பாதியாக வைத்துக்கொண்டதைத் தந்தை சொல்கிறார் (தோபித்து 5). கடவுளை இவ்வளவு நம்பிய மனிதர் பத்திரத்தையும் எழுதி வைத்திருந்தார். எழுதி வாங்குவது நம்பிக்கைக் குறைவு ஆகாது என்பதை நாம் இங்கே கற்றுக்கொள்கிறோம்.

இன்று அந்தப் பத்திரம் எது? முதலில் வேலைக்கான விசா. சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் ஏற்கக்கூடாது. அடுத்தது வேலை ஒப்பந்தம்: என்ன வேலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு சம்பளம், தங்குமிடமும் சாப்பாடும் யார் பொறுப்பு, திரும்பி வரும் விமானச் சீட்டு யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நமக்குப் புரியாத மொழியில் இருந்தால், புரிந்தவரிடம் வாசித்துக் கேட்ட பிறகே கையெழுத்து.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக 'இ.சி.ஆர்.' வகையைச் சேர்ந்தது. அதை வைத்திருப்பவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அரசின் அனுமதி பெற வேண்டும். இந்த அனுமதியைப் பலர் தொல்லையாக நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு காவல். அந்த வழியில் போகிறவரின் ஒப்பந்தம் அரசிடம் பதிவாகிறது. 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' என்ற காப்பீடும் அவருக்குக் கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய், அதனுடன் வரி. விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

படித்தவர்களுக்கு இந்த அனுமதி தேவையில்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று எண்ணிவிடக்கூடாது. 2022ஆம் ஆண்டில் தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் பலர், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே அடைத்து வைக்கப்பட்டு, இணையவழி மோசடி செய்யும்படி கட்டாயப்படுத்தப்பட்டு, அரசின் முயற்சியால் மீட்கப்பட்டுத் திரும்பினார்கள்.

இரண்டாவது: கூட்டிப்போகிறவர் யார்?

வழித்துணையாக வந்தவரிடம் தோபித்து, "நீர் எந்தக் குலம், எந்தக் குடும்பம்?" என்று கேட்கிறார். வந்திருப்பவர் வானதூதர் என்பது பாவம், அவருக்குத் தெரியாது. ஆனால் வானதூதரும் கோபித்துக்கொள்ளவில்லை. பொறுமையாகப் பதில் சொல்கிறார். விசாரித்தால் நல்லவர்கள் கோபிக்க மாட்டார்கள். கேள்வி கேட்டதும் கோபப்படுகிற ஏஜென்ட்டை விட்டு நாம் விலகிவிடலாம்.

மாட்டுத்தாவணி என்ற பெயரே மாட்டுச்சந்தையால் வந்தது. தாவணி என்பது மாடுகளை வரிசையாகப் பிணைக்கும் கயிறு. நம் முன்னோர் சந்தையில் ஒரு காளையை வாங்குமுன் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். அதன் பிறகுதான் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்கள். அப்படிப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், தேநீர்க் கடையில் பார்த்த ஒருவரிடம் ரசீதுகூட இல்லாமல் இரண்டு லட்சத்தைக் கொடுத்துவிடுகிறோம்!

வெளிநாட்டு வேலைக்கு ஆளனுப்ப, வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்ற முகவருக்கே உரிமை உண்டு. 'இமைக்ரேட்' என்ற அரசு இணையதளத்தில் முகவரின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். அவருக்குக் கீழே 'சப் ஏஜென்ட்' என்று ஊரில் சுற்றுகிறவரைச் சட்டம் ஏற்பதில்லை. முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதனுடன் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.; அதற்கும் ரசீது தர வேண்டும். தமிழ்நாடு அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றைச் சென்னையில் நடத்துகிறது. சந்தேகம் இருந்தால் 1800 11 3090 என்ற கட்டணமில்லாத எண்ணில் கேட்கலாம். கணினி தெரியாதவர்கள் பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள். நம் இளைஞர் குழுவினர் பத்து நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள்.

மூன்றாவது: கணக்குப் போட்டோமா?

தோபித்து கூலியையும் முன்கூட்டியே பேசுகிறார்: நாளொன்றுக்கு ஒரு திராக்மா, வழிச்செலவு தனி, நலமாகத் திரும்பினால் மேற்கொண்டும் தருவேன் என்கிறார். பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை யாக்கோபிடம் கேட்க வேண்டும். தாய்மாமன் லாபானிடம் வேலைக்குப் போனவருக்குப் பத்து முறை சம்பளம் மாற்றப்பட்டது (தொடக்கநூல் 31). சொந்தக்காரர் என்பதால் எழுத்தும் கணக்கும் வேண்டாம் என்று இருந்துவிடலாகாது.

ஒரு கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். இரண்டு லட்சம் ரூபாயை மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கி ஒருவர் போகிறார். அங்கே சம்பளம் நம் பணத்தில் 25,000. சாப்பாடு, போன், மருந்து என்று தமக்கு 7,000. வீட்டுச் செலவுக்கு 8,000. மீதி 10,000த்தையும் மாதம் தவறாமல் கடனுக்கே கட்டுகிறார். முதல் மாதம் அதில் 6,000 வட்டிக்கே போய்விடும். இப்படியே கட்டினால் கடன் தீர 31 மாதம் ஆகும். பெரும்பாலான ஒப்பந்தமோ 24 மாதம். அதாவது இரண்டு ஆண்டு முடிந்து ஊருக்குத் திரும்பும் நாளிலும் அவர் கடனாளிதான். இடையில் ஒரு மாதம் சம்பளம் தாமதமானால் கணக்கு இன்னும் நீளும். கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடச் சொன்ன ஆண்டவரின் அறிவுரையை (லூக்கா 14) கடன் வாங்குமுன் நாம் கேட்க வேண்டாமா?

நான்காவது: வீட்டில் பேசினோமா?

மகன் புறப்பட்டதும் தாய் அன்னா அழுகிறார். நமக்கு ஊன்றுகோலாக இருந்தவனை ஏன் அனுப்பினீர், இருப்பதைக் கொண்டு வாழ்ந்திருக்கலாமே என்று கணவரைக் கேட்கிறார். அந்தக் கேள்வியை விவிலியம் வெட்டி எறியவில்லை, எழுதி வைத்திருக்கிறது. நம் வீடுகளில் அந்தக் கேள்வி பேருந்து நிலையத்தில்தான் கண்ணீராக வருகிறது. பணம் கட்டுமுன்பே அது வந்திருக்க வேண்டும்.

போகிறவர் மனைவியோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து பேச வேண்டியவை சில உண்டு. பணம் யார் கணக்குக்கு வரும்? வீட்டுப் பெரியவர்களை மருத்துவமனைக்கு யார் அழைத்துப் போவார்? பிள்ளைகளின் படிப்பை யார் கவனிப்பார்? எந்த நேரத்தில் பேசுவோம்? பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், காப்பீடு ஆகியவற்றின் நகல் ஒரு தொகுப்பு வீட்டில் இருக்கிறதா? வேலை செய்யும் இடத்தின் முகவரி மனைவிக்குத் தெரியுமா?

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் மகன் சுற்றுலா விசாவில் போனார். அங்கே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாஸ்போர்ட் இந்திய அரசின் உடைமை, அதைப் பிடித்து வைக்க முதலாளிக்கு உரிமையில்லை என்பதும், இந்தியத் தூதரகத்தை அணுகலாம் என்பதும் அவருக்குத் தெரியாது. தந்தை இறந்தார். அடக்கத் திருப்பலியின்போது ஒரு பையன் போனை உயர்த்திப் பிடித்திருந்தான். அதன் வழியாகத்தான் மகன் தந்தையைக் கடைசியாகப் பார்த்தார். குழியில் மண் போடும் நேரத்தில் இணைப்பு அறுந்துவிட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து வந்தவர், பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே கல்லறைக்கு வந்தார். ஒரு தாளைப் பற்றிய அறியாமை ஒரு மகனிடமிருந்து எதைப் பறித்துவிடும் என்பதை நாம் அன்று கண்டோம்.

தோபித்து அந்நிய நாட்டில் கேட்பாரற்றுக் கிடந்த தம் இனத்தாரின் உடல்களை அடக்கம் செய்தவர் என்பதையும் மறக்க வேண்டாம். 2024 ஜூன் 12ஆம் நாள் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில் தீப்பிடித்தபோது இறந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள்; தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏழு பேரும் அதில் இருந்தார்கள். சாவைப் பற்றிப் பேசினால் அபசகுனம் என்று காப்பீட்டையும் வாரிசுப் பெயரையும் எழுதாமல் விடுவது, நாம் நேசிப்பவர்களுக்குச் செய்யும் நன்மை ஆகாது.

ஐந்தாவது: திரும்பும் நாள் எது?

தோபித்து வீட்டில் ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டிருக்கிறார். அன்னா தினமும் வழியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். மாமனார் வீட்டில் விருந்தில் இருக்கும் தோபியாவும், தந்தை நாள்களை எண்ணுவார் என்று சொல்லிப் புறப்படுகிறான். போனவனுக்கு வீடு நினைவிருந்தது. வீட்டாருக்கு நாள் கணக்கு இருந்தது. நம்மில் பலர், "வீடு கட்டிட்டு வந்திடறேன்" என்று போய், பிறகு தங்கை கல்யாணம், பிறகு மகள் படிப்பு என்று இருபது ஆண்டுகளை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். எதற்காகப் போகிறோம், எவ்வளவு சேர்ந்தால் திரும்புவோம் என்பதைப் புறப்படும்போதே ஒரு தாளில் எழுதி, மாதாவின் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போவது நல்லது.

அங்கே இருக்கும் காலத்தில் திருஅவையைத் தேடுங்கள். துபாய் புனித மரியா ஆலயத்தில் தமிழில் திருப்பலி உண்டு. தோகாவிலும் பஹ்ரைனிலும் குவைத்திலும் ஆலயங்கள் இருக்கின்றன. ஆலயத்தில் பத்து முகம் தெரிந்தவருக்கு ஆபத்தில் கதவு தட்ட ஓர் இடம் இருக்கும்.

ஊரில் இருக்கும் நமக்கும் கடமை உண்டு. கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீட்டை நம் அன்பியங்கள் மாதம் ஒருமுறையாவது சந்திக்கட்டும். அந்தப் பெண்ணைப் பற்றி வீண்பேச்சு பேசாதிருப்பதும் அறச்செயலே. வெறுங்கையோடு திரும்பி வருகிறவரை, "எவ்வளவு கொண்டுவந்தே?" என்று கேட்காமல், "சாப்பிட்டியா?" என்று கேட்போம். தோபியா வெள்ளியோடுதான் திரும்பினான். ஆனால் அன்னா ஓடிவந்து கட்டிக்கொண்டது வெள்ளியை அல்ல, மகனை.

வெளிநாடு போவது பாவமும் அல்ல, பேராசையும் அல்ல. ஆபிரகாம் போனார், யோசேப்பு போனார், திருக்குடும்பமே எகிப்துக்குப் போனது. போகிறவர்கள் பத்திரத்தோடும், விசாரித்த துணையோடும், போட்ட கணக்கோடும், வீட்டாரின் சம்மதத்தோடும், திரும்பும் நாளோடும் போகட்டும். இந்த ஐந்தையும் நாம் செய்வோம். மீதி வழியை இரபேலின் கையில் ஒப்படைப்போம்.

தூரதேசத்தில் உழைக்கும் நம் பிள்ளைகளையும், வழி பார்த்திருக்கும் அவர்களின் இல்லங்களையும் ஆண்டவர் காத்து, நலமாக ஒன்றுசேர்ப்பாராக. ஆமென்.