பிறந்த வீட்டுக் கதவு திறக்கட்டும்

கணவன் வீட்டில் அடிபட்டு என் அக்கா மூன்று முறை கள்ளக்குறிச்சிக்குத் திரும்பி வந்தார். மூன்று முறையும் அவரை இருசக்கர வாகனத்தில் ஏற்றிக்கொண்டுபோய் அதே வீட்டில் விட்டுவந்தவன் நான். ‘பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள் அக்கா’ என்றேன். நான்காம் முறை அவர் எங்களிடம் வரவில்லை. தோழி ஒருவர் வீட்டில் தங்கி வழக்குத் தொடுத்தார். அவருக்குத் துணிவு முன்பே இருந்தது, தங்க இடம்தான் இல்லாதிருந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

‘இத்தனை நாள் ஏன் பொறுத்தாள்?’ என்று ஊர் எளிதாகக் கேட்கிறது. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. இத்தனை பேரும் கோழைகளாக இருக்க முடியாது. கையில் பணமின்மை, பிள்ளைகளைப் பிரிய நேரும் என்ற அச்சம், ‘வாழாவெட்டி’ என்னும் சொல் ஆகியவை அவர்களைக் கட்டிப்போட்டிருக்கின்றன.

இக்கட்டுகளை அவிழ்க்கவே குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 வந்தது. வீடு யார் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமை மனைவிக்கு உண்டு. தேவைப்பட்டால் கணவனை வெளியேறச் சொல்லவும் நீதித்துறை நடுவர் ஆணையிடலாம். பராமரிப்புத் தொகை, பிள்ளைகளின் தற்காலிகப் பொறுப்பு ஆகியவற்றையும் கோரலாம். பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

கல்வராயன் மலைக்கு இச்சட்டம் இன்னும் முக்கியமானது. மத்திய அரசு தனியே அறிவித்தாலன்றி இந்துத் திருமணச் சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாது. அதனால், மலையாளிப் பழங்குடிப் பெண் தன் துயரத்துக்கு ஊர்ப் பஞ்சாயத்தே இறுதி இடம் என எண்ணிவிடக் கூடும். குடும்ப வன்முறைச் சட்டமோ இனம், மதம் பாராமல் எல்லாப் பெண்களுக்கும் உரியது. திருமணம் பதிவாகாததும் தடையில்லை. வெள்ளிமலையிலிருந்து இறங்கிவந்து கள்ளக்குறிச்சியில் தற்காலிகமாகத் தங்கியிருந்தாலும், தங்கிய இடத்துக்குரிய நீதிமன்றத்திலேயே மனுச் செய்யலாம். வழக்குரைஞர் கட்டணம் குறித்தும் கலங்க வேண்டாம். வருமான வரம்பின்றி எல்லாப் பெண்களும் இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள்.

விலகும் தருணமே ஆபத்து மிகுந்தது. ஆகவே, ‘போகிறேன்’ என்று அறிவித்துவிட்டுப் புறப்படலாகாது. ஆதார், குடும்ப அட்டை, சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை நம்பிக்கையானவரிடம் முன்பே கொடுத்து வைப்பது நல்லது. காயங்களுக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால் அப்பதிவே சான்றாகும். 181 என்ற மகளிர் உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

சட்டம் இத்தனை செய்தும், முதல் இரவுக்கு ஒரு பாய் விரிக்க வேண்டியவர்கள் நாம்தான். வீடு திரும்பிவரும் மகளிடம், சகோதரியிடம் காரணம் கேட்பதை மறுநாளைக்கு ஒத்திவைப்போம். நான் அன்று செய்யத் தவறியது அதைத்தான்.