ரேடியோ கட்டுப்பாட்டு மேசையில் ஒலியளவைச் சீர்செய்தல்

திருவள்ளூர் ஜில்லாவில் ரேடியோப் பேச்சு இருவகையில் அவசியமாயிருக்கிறது. கும்மிடிப்பூண்டியின் எஃகு ஆலைகளைப் போன்ற இரைச்சல் மிகுந்த இடங்களில், எட்ட நிற்பவருக்குக் கட்டளையைச் சேர்ப்பிக்க அது உதவுகிறது. கிழக்கே எண்ணூர், பழவேற்காடு கடற்பகுதியில் கப்பலுக்கும் துறைமுகத்துக்கும், ஆபத்தில் சிக்கிய படகுக்கும் கரைக்கும் அது துணையாகிறது. ஈரிடத்தும் ஒரு சொல் தவறிக் கேட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகையால் சொல் தெளிவாகச் சேரும் முறையை மீனவர், தொழிலாளர் சங்க அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

ஒலி செல்லும் வழி

மேசையில் பேசும் சொல் ஒலிவாங்கியில் மின்சாரமாகி, கம்பி வழியே கோபுரத்தடியிலுள்ள ஒலிபரப்பு யந்திரத்தை அடைந்து, வானலையில் ஏறிச் செல்கிறது. இது ஏரிப் பாசனத்தை ஒத்தது. மதகை மிகத் திறந்தால் வாய்க்காற்கரை உடையும். மிகக் குறைத்தால் கடைமடைக்கு நீர் எட்டாது.

கடல் வி.எச்.எப். ரேடியோவில் குரல் வலுக்க வலுக்க அலையின் அதிர்வெண் இருபுறமும் விலகுகிறது. இவ்விலகல் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்படலாகாது. உரக்கக் கத்தினால் யந்திரம் ஒலியின் உச்சியை வெட்டிவிடும். சொல் கரகரத்துச் சிதையும். விலகல் குறைந்தாலோ, கேட்பவர் ஒலிபெருக்கியைக் கூட்ட நேரும்; அப்போது குரலோடு இரைச்சலும் கூடும்.

ஒலியளவு டெசிபெல் கணக்கில் அளக்கப்படுகிறது. 3 டெசிபெல் குறைந்தால் சக்தி பாதியாகும். வழியில் மூன்றிடங்களில் இவ்வாறு குறையுமாயின், எட்டில் ஒரு பங்கே எஞ்சும். சிறு பிழைகள் சேர்ந்து பெரும் பிழையாவது இங்ஙனமே.

சீர்செய்யும் முறை

ஓரிடத்துக் குறையை வேறிடத்தில் ஈடுசெய்ய முயல்வதே பெருந்தவறு. தலைமதகிலிருந்து கடைமடை வரை வரிசையாகச் சரிபார்த்தல் வேண்டும்.

1. மேசையிலிருந்து 1000 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை அனுப்பி, கம்பியின் தொடக்கத்தில் மீட்டரால் அளந்து, யந்திரம் செய்தோர் குறித்த அளவுக்கு அமைக்க வேண்டும்.

2. கம்பியின் மறுமுனையில் எவ்வளவு வந்து சேர்கிறதென்று அளக்க வேண்டும். அதன்பிறகே ஒலிபரப்பு யந்திரத்தின் விலகலைத் திருத்தலாம். இவ்வேலை உரிய கருவியும் பயிற்சியும் உடையவருக்கே உரியது.

3. திரும்பி வரும் ஒலியையும் அவ்வாறே அளந்து, மேசையில் எல்லா வழிகளும் ஒரே அளவாய்க் கேட்கும்படி சமப்படுத்த வேண்டும். ஒரு வழி அலறி மற்றொன்று முணுமுணுத்தால், ஆபத்துக் குரல் கவனிப்பாரின்றிப் போகக்கூடும்.

4. இரைச்சல் தடுப்புத் திருகை, இரைச்சல் நிற்கும் அளவுக்குமேல் முடுக்கலாகாது. முடுக்கினால் தொலைவிலுள்ள படகின் மெலிந்த குரலும் அடைபட்டுவிடும்.

அங்கத்தினர் கடமை

யந்திரம் சீராயிருப்பினும் பேசுவோர் பழக்கம் கெட்டால் பயனில்லை. ஒலிவாங்கியை வாய்க்கு இரண்டு மூன்று விரற்கடை தூரத்தில் பிடித்து, இயல்பான குரலில், நிதானமாகப் பேச வேண்டும். காற்று வீசும் திசைக்கு முதுகைத் திருப்பி நிற்பது நன்று. ஆலையில் ஒலியைத் தானே கூட்டும் அமைப்பு மேசையிலிருந்தால், பேச்சின் இடைவெளியில் அது சுற்றுப்புற இரைச்சலை உயர்த்தும். அங்கே அதனை அளவோடு வைப்பதே தகும்.

கடல் வி.எச்.எப். 16-ஆம் வழி (156.8 மெகாஹெர்ட்ஸ்) ஆபத்துக்கும் அழைப்புக்கும் ஒதுக்கப்பட்டது. சோதனைப் பேச்சை அதில் நீட்டுதல் கூடாது; வேறு வழிக்கு மாறிப் பேசுக.

ரேடியோ வைத்திருக்கும் சங்கம், அளந்த தேதியையும் அளவையும் குறிக்க ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளட்டும். ஒலிவாங்கியோ கம்பியோ மாற்றப்பட்டால் மீண்டும் அளந்து எழுத வேண்டும். அதற்காகும் செலவு சிறிது. புயல் நாளில், கரையைக் கூப்பிடும் படகின் குரல் முதல் தடவையிலேயே விளங்குவதே அதன் பலன்.